இடது காதின் கீழே ஒரு முடிச்சு

“…அதெல்லாம் ஆரும் கட்டி உடறதில்லீங்க சாமி, நானேதானுங்க கட்டிக்குவேன்” என்று என் மனைவி டாக்டரிடம் சொன்னாள்.

பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரி அது. டாக்டர் கல்பாத்தி அக்ரஹாரத் தெருக்காரர். கண்ணுக்கும் தலைக்கும் நன்றாகப் பார்ப்பார் என்று யாரோ சொல்லித்தான் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தோம். அவளுக்கு வலது கண் அதற்குள் போய்விட்டது. இடது கண்ணில் பாதிப் பார்வை மிச்சம். அந்தப் பாதியாவது நிற்குமா என்று கேட்கத்தான் வந்தோம்.

அவள் கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குக் கறுத்த வளையம் இருந்தது. இடது காதுக்குக் கீழே அது காய்த்துப்போய்த் தழும்பாகவே நின்றது. அந்த இடத்தைத் தொட்டுத்தான் டாக்டர் கேட்டார், இதை யார் கட்டினார்கள் என்று. அவளைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன். எங்கள் பக்கத்தில் என்னைப் பற்றி ஒரு கேலி உண்டு: வண்டி அச்சுக்குத்தான் மை வேண்டும், இவன் வாய்க்கு வேண்டாம் என்பார்கள். அன்றைக்கு அந்த வாய் திறக்கவில்லை.

நான் பிறந்தது கோபாலபுரத்துக்குப் பக்கத்தில். பொள்ளாச்சிச் சந்தைக்குப் பாரம் அடிக்கும் வண்டிக்காரன். பள்ளிக்கூடத்து வாசல் மிதித்ததில்லை. மூட்டைகளின் மேல் மை தடவி எழுதியிருப்பதைப் பார்த்துப் பார்த்துப் படித்த படிப்புதான். ஆனால் மனிதர்கள் பேசுவதைக் கேட்கும் ஆசை எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. ஒருவர் வாயிலிருந்து நல்லதாக ஒரு வார்த்தை விழுந்தால், மற்றவர்கள் காசைப் பொறுக்குவது போல நான் அதைப் பொறுக்கி வைத்துக்கொள்வேன். அடுத்த ஊரில் அதைச் சொல்லிச் சிரிக்க வைப்பேன். அதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது.

ஒரு கோடையில் வெக்கை நோய் வந்து என் இரண்டு எருதுகளும் ஒரே வாரத்தில் செத்தன. எருதில்லாத வண்டியை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு எத்தனை நாள் பார்ப்பது? பள்ளிவாசல் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வண்டி ஓட்ட ஆள் வேண்டும் என்றார்கள். போனோம். எனக்குத் தோட்டத்து வண்டி. அவளுக்குக் கொழுந்துக் கூடை. இருக்க, கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் ஓர் அறை.

கொழுந்து பறிக்கிற பெண்களைத் தூரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் பாரம் தெரியாது. கூடை முதுகில் தொங்கும். அதன் கயிறு உச்சந்தலையில் ஏறியிருக்கும். பாரம் முழுவதும் தலையில்தான். கயிறு மண்டையை அறுக்காமல் இருக்கக் கம்பளித் துண்டு ஒன்றை முக்காடாகப் போட்டு, அதன் மேல் கயிற்றை வைப்பார்கள். முக்காடு நழுவாமல் இருக்க அதன் இரண்டு முனைகளையும் தாடைக்குக் கீழே கொண்டுவந்து முடிவார்கள். கூடையில் கொழுந்து ஏற ஏற, கயிறு பின்னால் இழுக்கும். கயிற்றோடு கம்பளியும் பின்னால் போகும். மற்ற பெண்கள் போடும் முடிச்சு சாதாரண முடிச்சு. இழுத்தால் தளரும். ஒரு நிரைச் செடி முடிவதற்குள் இரண்டு தடவை நின்று மறுபடி முடிந்துகொள்வார்கள்.

என் மனைவிக்கு அந்த முடிச்சும் வரவில்லை. வெயிலில் வளர்ந்தவள், மலை மழையில் அவள் விரல்கள் மரத்துப்போய் மடங்கவே மறுத்தன. முதல் நாள் முக்காடு நழுவிக் கயிறு மண்டையை அறுத்தது. ஓரிடத்தில் கூடையே சாய்ந்து பாதிக் கொழுந்து சரிவில் போயிற்று. கங்காணி திட்டினார். சாயங்காலம் அவள் தலையில் தேங்காயெண்ணெய் தடவும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

வண்டிப் பாரத்துக்கு நான் ஒரு முடிச்சுப் போடுவேன். நானாகக் கண்டுபிடித்தது. வண்டி மேட்டில் ஏறும்போது பாரம் பின்னால் சாயும் அல்லவா? சாயச் சாய அது இறுகும்; தளரவே தளராது. சந்தையில் பெரிய பெரிய வண்டிக்காரர்கள் அதை அவிழ்க்கப் பார்த்து நகம் உடைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவிழ்க்கும் வழி எனக்கு மட்டும் தெரியும்; பெருவிரலால் ஓரிடத்தில் அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் விடியற்காலையில், ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக்கு அவள் கிளம்பும் முன், அந்த முடிச்சை அவள் கழுத்தில் போட்டேன். எதிரில் நின்று வலது கையால் இழுப்பேன். ஆகையால் முடிச்சு அவளுடைய இடது காதுக்குக் கீழே போய் உட்காரும்.

அது தளரவில்லை. அவள் நிற்காமல் பறித்தாள். மாதம் ஒன்று ஆவதற்குள் அந்த மலையிலேயே அவள் கூடைதான் முதலில் நிறைந்தது. நெல்லைச் சீமையிலிருந்து வந்த பெண்கள் அவளைக் கேலி செய்ததை அவளே வந்து சொன்னாள்.

“ஏட்டி, ஒம் புருசன் ஒன்னயப் பெரட்டுக்கு அனுப்புதாரா, இல்ல வண்டியில பூட்டுதாரா?” என்று கேட்டார்களாம். நான் அதை வண்டிக் கொட்டகையில் சொல்லி இரண்டு நாள் சிரித்தேன்.

சாயங்காலம் கூடையை நிறுத்துக் கொடுத்துவிட்டு அவள் லயத்துப் படியில் வந்து உட்கார்ந்திருப்பாள். நான் வந்ததும் முகவாயைத் தூக்கிக் காட்டுவாள். நான் பெருவிரலை வைத்து அழுத்துவேன். முடிச்சு விழும். “ஏன் புள்ள, நீயே அவுத்துக்கலாமல்ல?” என்று ஒரு தடவை கேட்டேன். “உங்க முடிச்சு உங்க கைக்குத்தானுங்க அவுரும். நான் புடுங்கினா கம்பிளிதான் கிழியும்” என்றாள். அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு பிடித்தது என்று இப்போது சொல்லவே கூசுகிறது. அதையும் கொட்டகையில் சொன்னேன்.

அந்தக் கொட்டகையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். மாடு அவிழ்த்து, தண்ணீர் காட்டி, தீவனம் போட்டபின் வண்டிக்காரர்கள் அங்கே தீ மூட்டி உட்காருவார்கள். மதுரைப் பக்கத்தான், மலையாளத்தான், எங்கள் ஊர்ப் பக்கத்தான் என்று ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு பேச்சு. எனக்கு அது விருந்து. எழுந்திருக்க மனம் வராது. அவள் படியில் காத்திருப்பாள் என்று தெரியும். காத்திருக்கட்டும், குளிருக்குக் கம்பளிதான் இருக்கிறதே என்று நினைத்தேன்.

முதல் மழைக்காலம் பாதி போகையில் தலைவலி வந்தது. வெறும் தலைவலி இல்லை. குனிந்தால் கூடும், இருமினால் கூடும். சில காலையில் எழுந்ததும் வாந்தி. முகம் உப்பி, நெற்றி நரம்பு புடைத்து நிற்கும். “காதுக்குள்ள ஆரோ மாவு சலிக்கறாட்ட இருக்குதுங்க” என்றாள் ஒரு நாள். நாடி அடிக்க அடிக்க அந்தச் சலிப்பும் கேட்கிறதாம். இன்னொரு நாள், கீழே விழுந்த தீக்குச்சியை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். என்ன என்றேன். “குனிஞ்சா கண்ணுக்கு முன்னால சாம்பலக் கொட்டுனாட்ட ஆவுதுங்க. நிமிந்தா ஆரோ கூட்டி அள்ளிட்டுப் போயிடறாங்க” என்றாள்.

எவ்வளவு அழகாகச் சொல்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. சத்தியமாக அதுதான் தோன்றியது. மாவு சலிப்பதையும் சாம்பல் கொட்டுவதையும் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். மலையாளத்தான் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தான். அவள் எனக்குச் சொன்னது ஒரு நோயாளி சொன்ன அடையாளம். நான் அதை ஒரு நல்ல வார்த்தையாக எடுத்துக்கொண்டு போய் ஊருக்குப் பந்தி வைத்தேன். மாவு சலிக்கிறதா, எப்போது சலிக்கிறது, எப்போது நிற்கிறது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஏனென்றால் மற்ற எல்லோருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. வேறு விதமாகத் தெரிந்திருந்தது. தோட்டத்தில் கொழுந்து குறைந்து செடி வெட்டும் கவ்வாத்துக் காலம் வந்தது. கூடை இல்லை, கயிறு இல்லை, முக்காடு இல்லை. பத்தே நாளில் அவளுடைய தலைவலி தேய்ந்தது. காதுக்குள் சத்தம் நின்றது. மறுபடி கொழுந்து கிளம்பியதும் வலியும் கிளம்பியது. கங்காணி இதைக் கவனித்துவிட்டார். பெரட்டில் எல்லோரும் நிற்கும்போது சொன்னாராம்:

“கவ்வாத்துக்கு வராத தலவலி கொழுந்துக்கு மட்டும் வருதாக்கும்? அது தலவலி இல்லம்மா, கள்ளவலி.”

அந்த ஆள் நோயின் வேரைக் கையால் தொட்டுவிட்டுத்தான் அப்படித் திட்டியிருக்கிறார். கூடை ஏறினால் வலி, இறங்கினால் இல்லை. இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? அவரும் யோசிக்கவில்லை, சொன்னதைக் கேட்ட நாங்களும் யோசிக்கவில்லை. கள்ளவலி என்ற பேர் மட்டும் லயம் முழுக்கப் பரவியது. எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. முதல் தடவையாக ஒரு வார்த்தையை நான் கொட்டகைக்குக் கொண்டுபோகாமல் இருந்தேன்.

தோட்டத்து மருந்துக்காரர் காய்ச்சல் மருந்து கொடுத்தார். கசந்தது. பக்கத்து அறைப் பெண் சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டாள். குளிர் கழுத்து வழியாகத்தான் தலைக்கு ஏறும் என்பது லயத்தில் எல்லோரும் நம்பியது. கீழ்நாட்டிலிருந்து வந்த எங்களுக்கு மலைக்குளிரைப் பற்றி இருந்த பயத்தில் நாங்களும் நம்பினோம். ஆகவே நான் செய்த வைத்தியம் இதுதான்: இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினேன்.

“போதுமா புள்ள?” என்பேன்.

“இன்னுங் கொஞ்சம் இறுக்குங்க” என்பாள் அவளும்.

இரண்டு மழைக்காலம் இப்படிப் போயிற்று.

மூன்றாவது வருஷம், ஒரு பகலில் நான் தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு ஆலைப் பக்கம் வருகிறேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூட்டம். கங்காணி அவள் கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்திருந்தார். ஈரத் தரையில் கொழுந்தும் முத்தல் இலையுமாகக் கலந்து கிடந்தது. அந்த மலையிலேயே சுத்தமாகப் பறிக்கிறவள் என்று பேர் வாங்கியவள் கூடையில் முத்தல். கொழுப்புத்தான் இது என்று அவர் கத்தினார். அவள் உட்கார்ந்து ஒவ்வோர் இலையாக எடுத்துப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கிப் பார்த்தாள். மெத்தென்று இருப்பது இந்தப் பக்கம், முரடாக இருப்பது அந்தப் பக்கம். குனிந்த முகம் இலையைப் பார்க்கவே இல்லை, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தனை நாளாகத் தடவித் தடவியே பறித்திருக்கிறாள் என்று அவள் இன்றுவரை சொன்னதில்லை. வலது கண்ணைப் பொத்திக் காட்டினேன், தெரிகிறது என்றாள். இடது கண்ணைப் பொத்தினேன். அவள் முகத்துக்கு நேரே விரலை ஆட்டி எத்தனை என்றேன். “ஆட்டறீங்கன்னு காத்துல தெரியுதுங்க” என்றாள்.

வண்டியும் பஸ்ஸுமாக மூன்று நாள் கழித்துப் பாலக்காட்டில் இருந்தோம்.

டாக்டர் முதலில் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டார். விட்டதும் மிச்சமிருந்த பார்வையும் கலங்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் தெளியும் என்றார். பிறகு அறையை இருட்டாக்கி, விளக்கை அவள் தலைக்குப் பின்னால் வைத்து, நடுவில் ஓட்டையிட்ட ஒரு சின்னக் கண்ணாடி வழியாக வெகு நேரம் கண்ணுக்குள் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது. கண்ணில் கோளாறு இல்லை, கண்ணுக்குப் பின்னால் போகிற நரம்பு வீங்கியிருக்கிறது என்றார். வலதில் வீங்கி வற்றி வெளுத்தே போய்விட்டதாம்.

ஜன்னலைத் திறந்தார். வெளிச்சத்தில்தான் கழுத்து வளையம் அவர் கண்ணில் பட்டது. அவள் கழுத்தின் வலது பக்கம் இரண்டு விரலை வைத்து மெல்ல அழுத்தினார். எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றாள். விரலை எடுத்து இடது பக்கம், அந்தத் தழும்புக்கு மேலேயே வைத்து அழுத்தினார். பத்து எண்ணும் நேரம் இருக்கும்.

“வந்துட்டுதுங்க” என்றாள் அவள். “அதே வலிதானுங்க.”

அவர் கையை எடுத்தார். என் பக்கம் திரும்பி, நான் எந்த ஊர், என்ன தொழில் என்று கேட்டார். சொன்னேன். கோபாலபுரத்துக்காரனுக்கு வாய்க்காலும் மடையும் சொல்லித்தர வேண்டாம் என்றார்.

“தலைக்கு ரத்தம் ஏறற குழாய் ஆழத்துல, கெட்டியா இருக்கு. இறங்கற குழாய் மேலாக்க, மெல்லிசு. லேசா இறுக்கினாலே அடைஞ்சுடும். வரத்து வாய்க்கால் திறந்திருக்கு, போக்கு மடையை அடைச்சா வயல் என்ன ஆகும்? வயலுக்காவது வரப்பு உடையும். மண்டை ஓடு உடையாது. அப்போ உள்ள இருக்கறதுதான் நசுங்கணும், கேட்டியோ.”

எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, ரொம்ப அபூர்வம் என்றும் சொன்னார். இரண்டு பக்கத்து மடையும் ஒரே அளவில் இருக்காதாம். சிலருக்குப் பிறவியிலேயே ஒரு பக்கம் குறுகலாக இருக்குமாம். இவளுக்குப் பெரிய மடை இடது பக்கம் போலிருக்கிறது, முடிச்சு சரியாக அதன் மேல் விழுந்திருக்கிறது என்றார். கட்டு இல்லாமல் இருந்தால் இடது கண்ணில் மிச்சமிருப்பது நிற்கலாம். போனது போனதுதான்.

பெரிய மடை இடது பக்கம். நான் வலது கைக்காரன். நான் இடது கைக்காரனாகப் பிறந்திருந்தால் முடிச்சு மறுபக்கம் விழுந்திருக்கும். கதவிலிருந்து நகர்ந்து ஜன்னலோரம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன். தெருவில் யாரோ வாழை இலைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போனார்கள். என் கால்சத்தம் அவளுக்குக் கேட்டிருக்காது, டாக்டர் பேசிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவர் தழும்பைத் தொட்டு, இதை யார் கட்டினார்கள் என்று கேட்டது. குரலில் கோபம் இருந்தது. மனைவியின் கழுத்தில் கயிறு போடும் ஆண்களை அவர் பார்த்திருப்பார். அவள் சட்டென்று சொன்னாள், ஆரும் கட்டவில்லை, நானேதான் என்று.

“பொய் சொல்லாதே. தானா கட்டிக்கறவா முடிச்சை முன்னாடிதான் போட்டுப்பா. காதுக்குக் கீழே விழணும்னா எதிர்ல ஒருத்தர் நிக்கணும். யார் நின்னா?”

நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு. ஆயிரம் பேர் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொல்லிக் காலம் கழித்தவன் நான். என் சொந்தச் சொல் ஒன்று வேண்டியிருந்தபோது வாய் வறண்டு கிடந்தது.

“ஆரும் நிக்கலீங்க” என்றாள் அவள்.

“அப்படின்னா கட்டிக் காட்டு, பார்ப்போம்” என்றார் டாக்டர்.

பெரிய வண்டிக்காரர்களுக்கே பிடிபடாத முடிச்சு. அவளுக்கு எப்படி வரும்?

அவள் மூட்டைக்குள் கைவிட்டுத் துழாவிக் கம்பளித் துண்டை எடுத்தாள். முக்காடாகப் போட்டாள். இரண்டு முனைகளையும் தாடைக்குக் கீழே கொண்டுவந்தாள். ஒரு மடிப்பு, அதன் மேல் ஒரு திருப்பு, உள்ளே நுழைத்து ஓர் இழுப்பு. விரல்கள் எங்கேயும் தயங்கவில்லை. முடிச்சு இடது காதுக்குக் கீழே, தழும்பின் மேலேயே போய் உட்கார்ந்தது. படியில் உட்கார்ந்து எனக்குக் காட்டுவது போலவே முகவாயைத் தூக்கி டாக்டருக்குக் காட்டினாள். பிறகு பெருவிரலை அந்த ஓரிடத்தில் வைத்து அழுத்தினாள். முடிச்சு விழுந்தது. துண்டை நான்காக மடித்து, உள்ளே வந்தபோது நான் நின்ற கதவுப் பக்கமாக நீட்டி, வாங்கிக்கொள்வதற்காகக் கையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.